கம்பெனியாரின் சிநேகம் (தென் திருவிதாங்கூர் சரித்திரத் தொடர்: பகுதி 9)

1721-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அஞ்சுதெங்குக் கோட்டையில் இருந்துகொண்டு மிளகு வாங்கிக்கொண்டிருந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவனான வில்லியம் கிபோர்டு என்பவன், ஆற்றிங்கல் ராணியாருக்குச் செலுத்தவேண்டிய வெகுமதிகளை எடுத்துக்கொண்டு ஏறத்தாழ 140 பேர் சூழப் புறப்பட்டுச் சென்றான். சென்றவர்களில் உயிரோடு திரும்பியவர்கள் மிகச் சொற்பம். வியாபாரத்தில் அவன் செய்த அக்கிரமங்களையும் நாட்டாரிடம் அவன் காட்டிய அகங்காரத்தையும் வெகுகாலம் பொறுத்திருந்த ஜனங்கள், பொறுமை கடந்துபோன அந்நாளில் அவனையும் அவன் பரிவாரத்தையும் அழித்ததோடு நில்லாமல், அஞ்சுதெங்குக் கோட்டையையே ஆறு மாத காலம் முற்றுகையிட்டார்கள் என்பதைச் சென்ற பகுதியில் விரிவாகச் சொன்னோம். அன்றைக்குக் கம்பெனியார் இந்நாட்டு அரசர்களின் வாசலில் வரிசையைச் சுமந்துகொண்டு வந்து நின்றவர்கள். ஏறத்தாழ 84 ஆண்டுகள் கழிந்த பின், 1805-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், அதே கம்பெனிக்கு ஆண்டுதோறும் எட்டு லட்சம் ரூபாய் செலுத்துவதாகவும், தம் ராஜ்ய பரிபாலனத்தில் அது சொல்லும் யோசனைகளைக் கேட்டு நடப்பதாகவும் திருவிதாங்கூர் மகாராஜா எழுதிக் கொடுத்தார். இவ்விரண்டு சம்பவங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் கம்பெனி திருவிதாங்கூரின்மேல் ஒரு யுத்தமும் தொடுக்கவில்லை என்பதுதான் இந்தப் பகுதியில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

யுத்தம் செய்து தோற்ற நாடு தன் தோல்வியை அறியும். சிநேகம் செய்து தோற்ற நாடோ, கடைசி ஷரத்தில் கையெழுத்திட்ட பிறகே தன் ஸ்திதியை உணர்கிறது. உயர்ந்து வருகிற ஒரு வல்லரசு சிறிய ராஜ்யத்தோடு எப்படிப் பேசும், எதைக் கொடுத்து எதை வாங்கிக்கொள்ளும், எப்போது உதவிக்கு வரும், எப்போது உத்தரவு வரவில்லை என்று சொல்லிக் கைகட்டி நிற்கும் என்பதையெல்லாம் கற்றுக்கொள்ள நாம் வேறு தேசத்துச் சரித்திரங்களைத் தேடிப் போகவேண்டியதில்லை. வெள்ளறடையிலிருந்தும் பாறசாலையிலிருந்தும் அதிக தூரமில்லாத நெய்யாற்றின்கரையிலேயே அந்தக் கதை தொடங்குகிறது.

அக்காலத்தில் நெய்யாற்றின்கரை இளையதம்புரான் என்று அழைக்கப்பட்டவர் மார்த்தாண்ட வர்மா. அரசகுலத்தை எதிர்த்து நின்ற பிரபுக்களாகிய எட்டுவீட்டில் பிள்ளைமார்களின் கொலைக் கரங்களுக்குத் தப்பி அவர் ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் அம்மச்சிப்பிலாவு, உள்ளே ஓர் ஆள் நுழைந்து நிற்கக்கூடிய பொந்துள்ள பட்டுப்போன பலாவின் அடிமரமாக, இன்றும் நெய்யாற்றின்கரை ஸ்ரீகிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் காக்கப்பட்டு நிற்கிறது. சொந்த நாட்டிலேயே பகைவருக்கு அஞ்சி மரப்பொந்தில் மறைய நேர்ந்த ஒரு ராஜகுமாரனுக்கு வெளியிலிருந்து வருகிற துணை எவ்வளவு பெரிய பாக்கியமாகத் தோன்றியிருக்கும் என்பதை அந்த மரத்தின் முன்னால் நின்று பார்த்தவர்கள் எளிதில் அறிவார்கள். 1723-ஆம் ஆண்டில், அவர் தம் மாமனாகிய அரசரின் சார்பில், அஞ்சுதெங்கின் தலைவனாக இருந்த அலெக்ஸாண்டர் ஓர்ம் என்பவனோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். குளச்சலில் கம்பெனிக்கு ஒரு கோட்டை கட்டிக்கொடுப்பது என்பது அதில் அடங்கிய வாக்குறுதிகளில் ஒன்று. இரு தரப்பாரும் ஒருவருக்கொருவர் சிநேகிதராய் இருப்பது என்பதே அதன் சாரம். கம்பெனிக்கு மிளகும், ஆற்றிங்கலில் பட்ட அடி மீண்டும் படாதிருக்கும் உறுதியும் தேவை. இளவரசருக்கோ அந்தப் பிள்ளைமாரையும் மற்ற உள்நாட்டுப் பிரபுக்களான மாடம்பிமாரையும் அடக்குவதற்கு வெடிமருந்தும் துப்பாக்கியும் தேவை. அந்த உடன்படிக்கை சமமானவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கை. இருவருடைய தேவைகளும் ஏறத்தாழ ஒரே எடையில் நின்றபடியால் அதில் குறை சொல்ல ஏதுமில்லை.

கம்பெனியாரின் சாமர்த்தியம் எத்தகையது என்பது டச்சுக்காரரின் நடத்தையோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் நன்றாக விளங்கும். மலையாளக் கரையில் அக்காலத்தில் வலியவர்கள் டச்சுக்காரர்களே. அவர்களுடைய பிரதிநிதியாகிய வான் இம்ஹாப் 1739-இல் மார்த்தாண்ட வர்மாவிடம் வந்து, சிறிய அரசுகளை அவர் சேர்த்துக்கொள்வது கூடாது என்றும், மீறினால் படையெடுத்து வருவோம் என்றும் மிரட்டினான். நீங்கள் இங்கே வந்தால் நான் உங்கள் ஐரோப்பாவுக்கு வர யோசிக்க வேண்டியிருக்கும் என்ற கருத்தில் மகாராஜா பதில் சொல்லி அனுப்பியதாகச் சரித்திரக்காரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். மிரட்டியவர்கள் 1741-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் குளச்சல் கடற்கரையில் தோற்றார்கள். பிடிபட்ட டிலனாய் என்ற டச்சுத் தளபதி அதே மகாராஜாவின் படைக்குப் பயிற்சியளிக்கும் ஆசிரியனாகி, புலியூர்க்குறிச்சியை அடுத்த உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே, தமிழும் லத்தீனும் பொறித்த கல்லறையின் கீழ் உறங்குகிறான். 1753-இல் மாவேலிக்கரையில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, திருவிதாங்கூரின் விவகாரங்களில் தலையிடாதிருக்கவும், ஆண்டுதோறும் 12,000 ரூபாய் பெறுமானமுள்ள ஆயுதங்களைக் கொடுக்கவும் டச்சுக்காரர்கள் இணங்கவேண்டியதாயிற்று. பயமுறுத்தும் வல்லரசைச் சிறிய நாடு எதிர்க்கத் துணிகிறது. சில வேளைகளில் வெல்லவும் செய்கிறது. கம்பெனியார் பயமுறுத்தவில்லை. பிறர் பயமுறுத்தும் காலம் வரும்வரையில் காத்திருந்தார்கள்.

அந்தக் காலம் மைசூரிலிருந்து வந்தது. எந்த நிலையிலும் ஆங்கிலேயரின் நட்பை விட்டுவிடக் கூடாது என்று மார்த்தாண்ட வர்மா 1758-இல் மரணப்படுக்கையில் தம் மருமகனுக்குப் புத்திமதி சொன்னதாக ஒரு பரம்பரைச் செய்தி உண்டு. அந்த மருமகனே நாற்பது ஆண்டுக் காலம் அரசாண்ட தர்மராஜா என்னும் கார்த்திகைத் திருநாள் ராமவர்மா. ஐதர் அலியின் படைகள் மலபாருக்குள் புகுந்தபோதும், அவனுக்குப்பின் திப்பு சுல்தான் தெற்கே கண் வைத்தபோதும், மகாராஜாவுக்குப் புத்திமதியின் நினைவு வந்தது இயல்பே. 1784-ஆம் ஆண்டு மங்களூரில் திப்புவும் கம்பெனியும் சமாதானம் செய்துகொண்டபோது, கம்பெனியின் சிநேகிதர்கள் வரிசையில் திருவிதாங்கூர் ராஜாவின் பெயரும் எழுதப்பட்டது. மகாராஜாவின் மந்திரிமார் அதை ஒரு கௌரவமாகவே கருதியிருப்பார்கள். ஆனால் ஒரு சிறிய நாட்டின் பெயரைப் பெரிய நாடு தன் உடன்படிக்கையில் எழுதிக்கொள்வது, அந்நாடு இனித் தன் பெயரில் தனியாக உடன்படிக்கை எழுதவேண்டியதில்லை என்று சொல்வதற்கு முதற்படி. 1788-இல் கம்பெனியின் இரண்டு சிப்பாய்ப் பட்டாளங்கள் எல்லையில் வந்து தங்கின, செலவு மகாராஜாவுடையது. அந்த ஆண்டிலேயே ஜார்ஜ் பௌனி என்னும் உத்தியோகஸ்தர் கம்பெனியின் பிரதிநிதியாகத் திருவிதாங்கூரில் அமர்ந்தார். ரெஸிடெண்ட் என்னும் பதவியின் தொடக்கம் இதுவே.

அடுத்த ஆண்டில் நிகழ்ந்ததை வாசகர்கள் சற்று நிதானமாகக் கவனிக்க வேண்டும். ஏனெனில் சிநேகத்தின் உண்மையான சொரூபம் அதில்தான் வெளிப்படுகிறது. கொடுங்கல்லூர், ஆயிக்கோட்டை ஆகிய இரண்டு கோட்டைகளையும் தர்மராஜா 1789-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி டச்சுக்காரர்களிடமிருந்து விலைக்கு வாங்கினார். திப்புவுக்கு அது கோபமூட்டியது. சென்னைக் கவர்னராக இருந்த ஹாலண்டுக்கும் பிடிக்கவில்லை. டிசம்பர் 29-ஆம் தேதி திப்புவின் சைன்யம் நெடுங்கோட்டை என்னும் திருவிதாங்கூரின் வடவெல்லை மதிலைத் தாக்கியது. மகாராஜாவின் வீரர்கள் வைக்கம் பத்மநாப பிள்ளை முதலியோரின் தலைமையில் அதை அடித்துத் துரத்தினார்கள். திப்புவே காயமுற்றுத் திரும்பினான் என்பர். மகாராஜாவின் செலவில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு அருகிலேயே தங்கியிருந்த கம்பெனிப் பட்டாளங்களோ, சண்டையில் இறங்கும்படி தங்களுக்கு உத்தரவு வரவில்லை என்று சொல்லி விலகி நின்றன! அடுத்த ஏப்ரலில் பீரங்கிகளோடு திரும்பி வந்த திப்பு நெடுங்கோட்டையை இடித்துக்கொண்டு ஆலுவாய் வரையில் வந்து, பெரியாறு பெருகியதனாலும் தன் தலைநகருக்கே ஆபத்து நேர்ந்ததனாலும் திரும்பிப் போனான். அந்தச் சில வாரங்களில் வடதிருவிதாங்கூர் பட்ட பாடு சொல்லுந்தரமன்று.

கம்பெனியின் கவர்னர் ஜெனரலாகிய காரன்வாலிஸ் பிரபு திருவிதாங்கூரின்மேல் விழுந்த அடியைக் கம்பெனியின்மேல் விழுந்த அடியாகக் கருதி யுத்தப் பிரகடனம் செய்தார் என்பது உண்மை. திருவிதாங்கூர் அழியாமல் தப்பியதற்கு அந்த யுத்தம் ஒரு காரணம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1792-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சமாதானம் ஏற்பட்டபோது, திப்புவின் ராஜ்யத்தில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் பங்கு போட்டுக்கொண்டவர்கள் கம்பெனியாரும் நிஜாமும் மகாராஷ்டிரருமே. கம்பெனிக்கு மலபாரும் குடகும் திண்டுக்கல்லும் பாராமகாலும் கிடைத்தன. யாருக்காக யுத்தம் செய்ததாகச் சொல்லப்பட்டதோ அந்த மகாராஜாவுக்கு ஒரு சாண் பூமியும் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக யுத்தச் செலவில் ஒரு பங்கைச் செலுத்தும்படி கடிதங்கள் வந்தன. தமக்கு உரியவையே என்று மகாராஜா நெடுநாள் வாதாடிய பறவூர், ஆலங்காடு, குன்னத்துநாடு ஆகிய மூன்று தாலூக்காக்களின் மேலும்கூடக் கம்பெனி பாத்தியதை கொண்டாடி, அந்தப் பாத்தியதையை விட்டுக்கொடுப்பதையே பிற்பாடு ஒரு பெரிய உபகாரமாக உடன்படிக்கையில் எழுதியது. ஒருவனுடைய வீட்டை அவனுக்கே தானமாகக் கொடுத்து நன்றி எதிர்பார்க்கும் இந்த வித்தையைப் போன்ற ராஜதந்திரம் வேறில்லை.

அந்த உடன்படிக்கை 1795-ஆம் ஆண்டு நவம்பரில் எழுதப்பட்டது. மூன்று பட்டாளச் சிப்பாய்களுக்கும், ஒரு கம்பெனி ஐரோப்பியப் பீரங்கிப் படைக்கும், இரண்டு கம்பெனி லஸ்கர்களுக்கும் ஆகும் செலவுக்கு ஈடான பணத்தை ஆண்டுதோறும் மகாராஜா செலுத்துவார். அன்னியப் படையெடுப்பிலிருந்து கம்பெனி அவர் நாட்டைக் காப்பாற்றும். உள்நாட்டு நிர்வாகத்தில் தலையிடுவதில்லை என்று அப்போது கம்பெனி ஒப்புக்கொண்டிருந்தது. ஆட்களைக் கொடுக்கும் நேசநாடு நேசநாடாகவே இருக்கும். ஆட்களுக்குப் பதிலாகப் பணத்தைக் கொடுக்கத் தொடங்கிய நேசநாடு, பணத்தை வாங்குகிறவனின் கைக்குள் போகும். பழைய கிரேக்கத்தில் பாரசீகருக்கு அஞ்சி ஏதென்ஸ் நகரத்தோடு சேர்ந்த தீவுகளும் பட்டணங்களும், கப்பல்களை அனுப்புவது தொல்லை என்று எண்ணிப் பணமாகவே கட்டிவிடுவதாகச் சொன்னபோது ஏதென்ஸ் மகிழ்ச்சியோடு இணங்கியது. அந்தப் பணத்தில் ஏதென்ஸின் கப்பற்படை வளர்ந்தது. டெலோஸ் தீவில் பொதுவாய் இருந்த கருவூலம் கிறிஸ்துவுக்கு முன் 454-இல் ஏதென்ஸுக்குப் போய்விட்டது. பாரசீகரின் பயம் தணிந்த பிறகும் பணம் கட்டுவது மட்டும் நின்றபாடில்லை.

இங்கும் அப்படியே நடந்தது. 1799-ஆம் ஆண்டு மே 4-ஆம் தேதி திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை வாசலில் மாண்டான். எந்தப் பயத்திற்காகத் திருவிதாங்கூர் கம்பெனிப் பட்டாளத்தைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்ததோ அந்தப் பயம் அன்றோடு ஒழிந்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே மலைக்குக் கிழக்கே கயத்தாற்றில் கட்டபொம்மனைக் கம்பெனியார் தூக்கிலிட்டார்கள். வடக்கிலும் கிழக்கிலும் இனி யாரும் படையெடுத்து வர வழியில்லை. ஏனெனில் வடக்கிலும் கிழக்கிலும் கம்பெனியே இருந்தது. பாதுகாப்புக்குக் காரணமில்லாமற்போன அந்த ஆண்டுகளில்தான் பாதுகாப்பின் விலை உயர்ந்தது என்பதை வாசகர்கள் மறக்கலாகாது.

கவர்னர் ஜெனரலாக வந்திருந்த வெல்லஸ்லி பிரபுவிடம் ஓர் அச்சு இருந்தது. 1798-இல் நிஜாமும், 1799-இல் தஞ்சை சரபோஜியும், 1801-இல் ஆற்காட்டு நவாபும், 1802 கடைசியில் பேஷ்வாவும் அந்த அச்சில் வார்க்கப்பட்டார்கள். தஞ்சையிலும் ஆற்காட்டிலும் நிர்வாகம் முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டு, அரசருக்கு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் பட்டப்பெயரும் மிச்சம் வைத்தது. திருவிதாங்கூருக்கு அந்த அச்சைக் கொண்டுவர ஒரு சந்தர்ப்பம் மட்டுமே வேண்டியிருந்தது. அந்தச் சந்தர்ப்பத்தை நம்மவர்களே உண்டாக்கிக் கொடுத்தார்கள் என்பதை வருத்தத்தோடுதான் எழுதவேண்டியிருக்கிறது.

தர்மராஜா 1798-இல் காலமானார். பட்டத்துக்கு வந்த பலராம வர்மாவுக்கு வயது பதினாறு. ஜயந்தன் நம்பூதிரி, சங்கரநாராயணன் செட்டி, மாத்து தரகன் ஆகிய மூவர் அரசாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வெறுமையாகக் கிடந்த கஜானாவை நிரப்புவதற்காக வசதியுள்ளவர்களையெல்லாம் பட்டியல் போட்டுக் கட்டாயப் பணம் வசூலிக்கப் புறப்பட்டார்கள். அந்தப் பட்டியலில் பெயர் கண்ட ஒருவர், இரணியல் பக்கத்துத் தலக்குளம் என்னும் ஊரைச் சேர்ந்த வேலுத்தம்பி. அவர் பணத்தைக் கட்டவில்லை. நாஞ்சில் நாட்டிலும் இரணியலிலும் ஜனங்களைத் திரட்டிக்கொண்டு திருவனந்தபுரத்திற்கே போய்ச் சேர்ந்தார். மந்திரிகள் மூவரும் பதவியிழந்து தண்டனை அடைந்தார்கள். சில வருஷங்களில் வேலுத்தம்பியே பிரதம மந்திரியாகிய தளவாயானார். அதிகாரிகளின் கைக்கூலியை ஒழிப்பதில் அவர் காட்டிய கடுமையைப்பற்றி இன்றைக்கும் தென்பாகத்துக் கிழவர்கள் கதை சொல்வார்கள். ஆனால் கஜானாவின் வெறுமைக்குக் கடுமையால் மருந்து கிடைக்கவில்லை. கம்பெனிக்குச் செலுத்தவேண்டிய தொகைக்காகச் செலவைச் சுருக்கப்போய், 1804-இல் நாயர் பட்டாளத்தாரின் படிப்பணத்தில் கை வைத்தார். பட்டாளம் கிளர்ந்தெழுந்து தளவாயின் தலையைக் கேட்டது. தளவாய் கொச்சிக்கு ஓடி, அங்கிருந்த ரெஸிடெண்ட் கர்னல் காலின் மெக்காலேயிடம் அடைக்கலம் புகுந்தார். கம்பெனிப் பட்டாளத்தின் துணையோடு கலகம் அடங்கியது. சொந்தப் படையை அடக்க அன்னியப் படையை அழைத்த அந்த ஒரு நாளுக்குத் திருவிதாங்கூர் 143 ஆண்டுகள் விலை கொடுத்தது.

கலகத்தின் புகை அடங்குவதற்குள், 1805-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் தேதி புதிய உடன்படிக்கை எழுதப்பட்டது. அதன் ஷரத்துக்களை ஒவ்வொன்றாய்ப் படித்துப் பார்க்கிறவனுக்கு, அவற்றை எழுதியவர்களின் அறிவுக் கூர்மையைக் கண்டு ஆச்சரியமும், அவற்றுக்கு இணங்கியவர்களின் அவலத்தைக் கண்டு துக்கமும் ஒருங்கே உண்டாகும். முந்திய தொகையோடு இன்னும் ஒரு ரெஜிமெண்டின் செலவும் சேர்ந்து, செலுத்த வேண்டிய பணம் ஆண்டுக்கு எட்டு லட்சமாயிற்று. அந்தப் பணம் ஒழுங்காக வராதென்று கவர்னர் ஜெனரலுக்குத் தோன்றினால், நாட்டின் எந்தப் பகுதியின் நிர்வாகத்தையும் கம்பெனி தன் கையில் எடுத்துக்கொள்ளலாம்; அப்படி எடுத்துக்கொண்டாலும் மகாராஜாவுக்கு ஆண்டுக்கு இரண்டு லட்சம் ரூபாயும் நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் குறையாமல் கிடைக்கும். கம்பெனிக்குத் தெரியாமல் மகாராஜா வேறெந்த அரசோடும் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளக் கூடாது. அதன் சம்மதமின்றி ஐரோப்பியர் ஒருவரையும் உத்தியோகத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. டிலனாயைத் தன் படைக்கு ஆசிரியனாக்கிய நாட்டுக்கு இந்தக் கட்டளை!

இவையனைத்தையும் விட முக்கியமானது ஒன்பதாவது ஷரத்து. நிதி நிர்வாகம், வரி வசூல், நியாய பரிபாலனம், வியாபாரம், விவசாயம், பிரஜைகளின் சௌக்கியம் ஆகியவற்றைக் குறித்து ஆங்கிலச் சர்க்கார் அவ்வப்போது சொல்லும் ஆலோசனைகளை மகாராஜா எக்காலத்திலும் மிகுந்த கவனத்தோடு ஏற்று நடப்பார் என்பது அதன் கருத்து. கேட்பதற்கு எவ்வளவு விநயமான ஷரத்து! ஆனால் பணம் வராதென்று தோன்றினால் நிர்வாகத்தை எடுத்துக்கொள்ளலாம் என்ற ஐந்தாவது ஷரத்தை இதனோடு சேர்த்துப் படித்தால் அந்த விநயம் புரியும். ஆலோசனையைக் கேளாவிட்டால் பணம் குறையும் என்று சொல்லலாம். பணம் குறையும் என்று சொன்னால் நாட்டையே எடுத்துக்கொள்ளலாம். ஓர் அரசனை அடிமையாக்குவதற்கு இதைக் காட்டிலும் மரியாதையான வாக்கியங்களை நாம் கண்டதில்லை.

எட்டு லட்சம் என்பது ஏட்டிலே ஓர் எண். அது எங்கிருந்து வந்தது? நிலவரியிலிருந்தும், மிளகு, புகையிலை, உப்பு ஆகியவற்றின் சர்க்கார் வியாபாரத்திலிருந்தும், விளவங்கோட்டிலும் நெய்யாற்றின்கரையிலும் கல்குளத்திலும் பனையேறிப் பிழைத்த ஏழைகளின் தலைவரியிலிருந்தும் வந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் எத்திசையில் இருக்கிறதென்று அறியாத ஒரு பனையேறி, திப்பு செத்து எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகும் திப்புவிடமிருந்து காப்பாற்றப்பட்டதற்காகக் காசு கொடுத்துக்கொண்டிருந்தான். வல்லரசும் சிற்றரசும் கையெழுத்திடும் உடன்படிக்கைகளில் அவனுடைய பெயர் எங்கும் வருவதில்லை.

பாக்கி ஏறியது. மெக்காலேயின் நெருக்கடியும் ஏறியது. எந்த மெக்காலேயிடம் உயிருக்கு அடைக்கலம் புகுந்தாரோ அவருக்கே வேலுத்தம்பி தவணை கேட்டுக் கேட்டு எழுத வேண்டியதாயிற்று. கடைசியில் தளவாய் பதவியை விட்டு விலகி, ஓய்வுச் சம்பளம் பெற்றுக்கொண்டு மலபார்ப் பக்கம் போய் இருக்கலாம் என்ற யோசனை ரெஸிடெண்டிடமிருந்து வந்தது. ஒன்பதாவது ஷரத்தின்படி யோசனை என்றால் என்ன பொருள் என்பதை வேலுத்தம்பி அப்போது அறிந்துகொண்டார். 1808-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதி இரவு, கொச்சியின் பாலியத்து அச்சனோடு சேர்ந்து அவருடைய ஆட்கள் கொச்சியிலிருந்த ரெஸிடெண்டின் மாளிகையைச் சூழ்ந்துகொண்டார்கள். மெக்காலே எப்படியோ தப்பிக் கப்பலேறினார். 1809-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் தேதி, கொல்ல வருஷம் 984 மகரம் முதல் நாள், குண்டறையிலிருந்து வேலுத்தம்பியின் பிரகடனம் வெளிவந்தது.

போர் வெகுநாள் நீடிக்கவில்லை. பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த கர்னல் செயின்ட் லெஜரின் படை பிப்ரவரி 10-ஆம் தேதி ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பிடித்தது. மேஜர் வெல்ஷ் இரவில் மலைச் சரிவில் ஏறிக் கோட்டை மதிலின் தலைப்பைக் கைப்பற்றியதே அதற்கு வழி திறந்தது. மார்த்தாண்ட வர்மா காலத்திலிருந்து கிழக்கு வாசலைக் காத்துவந்த மதில் அது. பிறகு உதயகிரியும் பத்மநாபபுரமும் விழுந்தன. அப்பால், குழித்துறை ஆற்றைத் தாண்டி, பாறசாலை வழியாக, நெய்யாற்றைக் கடந்து திருவனந்தபுரம் போகும் ராஜபாட்டையில் கம்பெனிப் படை நடந்தது. இன்றைக்குக் களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி போட்ட மாகாண எல்லை இருக்கிறது. அன்றைக்கு எல்லையுமில்லை, தடுப்பாருமில்லை. எந்த நெய்யாற்றின்கரையின் இளவரசர் 1723-இல் கம்பெனியோடு சிநேகம் செய்துகொண்டாரோ, அந்த நெய்யாற்றின்கரையைக் கடந்துதான் கம்பெனியின் பீரங்கிகள் அவருடைய சந்ததியாரின் தலைநகரை நோக்கிச் சென்றன. படை பாப்பனங்கோட்டில் வந்து முகாமிட்டபோது, மகாராஜா தம் தளவாயைக் கைவிட்டுச் சமாதானத்துக்கு ஆள் அனுப்பினார். வேலுத்தம்பி மண்ணடி பகவதி கோயிலில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். உயிர் நீங்கிய உடலைத் திருவனந்தபுரத்திற்குக் கொண்டுவந்து கண்ணம்மூலையில் தூக்குமரத்தில் தொங்கவிட்டார்கள். கல்கத்தாவிலிருந்த கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபுவே இந்தச் செயலைக் கண்டித்தார்.

வேலுத்தம்பியின் துணிவைப் போற்றாதவர் தென்னாட்டில் இருக்க முடியாது. ஆயினும் சரித்திரம் எழுதுகிறவன் இன்னொன்றையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறான். குண்டறைப் பிரகடனம் கோயில்களின் புனிதத்தையும் பிராமணரின் கௌரவத்தையும் ஜாதி ஆசாரத்தையும் காக்கும்படி ஜனங்களை அழைத்தது. கோயில் வீதியிலேயே நடக்க உரிமையில்லாதவனுக்கு, மார்பை மறைத்துக்கொள்ளவும் உரிமையில்லாத பெண்ணுக்கு, அந்த அழைப்பில் என்ன இருந்தது? அவர்களில் பலர், மெக்காலேயின் அனுமதியோடு 1806-இல் வந்து மயிலாடியில் தங்கியிருந்த ரிங்கல்தௌபே பாதிரியாரிடத்தில்தான் முதன்முதலாக அன்பான ஒரு வார்த்தையைக் கேட்டார்கள். மெக்காலேக்குப்பின் வந்த ரெஸிடெண்ட் மன்றோவின் காலத்தில்தான், 1812-இல், அடிமை வியாபாரம் சட்டத்தால் தடுக்கப்பட்டது. கம்பெனியார் அறத்துக்காக இந்நாட்டுக்கு வந்தவர்களல்லர், மிளகுக்காக வந்தவர்கள். ஆனால் தன் பிரஜைகளில் பெரும்பகுதியாரைத் தானே வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்த ஒரு ராஜ்யம், வாசலில் அன்னியன் வந்து நின்றபோது காவலுக்கு ஆள் போதவில்லை என்று அழுவதில் நியாயமில்லை. திருவிதாங்கூரின் பலவீனம் அதன் பரப்பின் சிறுமையில் இல்லை; குளச்சலில் வென்ற நாடும் அதே பரப்புள்ள நாடுதான்.

கொச்சி சமஸ்தானத்துக்கும் இதே கதி. 1791-இல் எழுபதாயிரம் ரூபாயில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு லட்சமாக உயர்ந்த அதன் கப்பம் 1809-ஆம் வருஷ உடன்படிக்கையில் இரண்டே முக்கால் லட்சமாகியது. திருவிதாங்கூரோ 1805-இல் ஒப்புக்கொண்ட எட்டு லட்சத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஏறத்தாழ அதே அளவில் செலுத்திக்கொண்டிருந்தது. பெரியாற்றின் 8,000 ஏக்கர் நிலத்தை 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி 999 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தபோது அதற்காகக் கிடைத்த வருஷ வாடகை ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம் 40,000 ரூபாய். அதாவது அந்தக் கப்பத்தில் இருபதில் ஒரு பங்கு. அந்தக் குத்தகையின் கதை பின்னால் தனிப் பகுதியாக வரும்.

1811-இல் கர்னல் ஜான் மன்றோ ரெஸிடெண்ட் பதவியோடு திருவிதாங்கூரின் திவான் பதவியையும் ஏற்றுக்கொண்டார். கம்பெனியின் சார்பில் ஆலோசனை சொல்பவரும், திருவிதாங்கூர் அரசின் சார்பில் அதைக் கேட்டு நடப்பவரும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருவரே. பத்மநாபபுரத்தில் அவர் ஏற்படுத்திய நியாயஸ்தலத்தையும், தேவஸ்வங்களின் நிலங்களைச் சர்க்காரோடு சேர்த்ததையும், அதனால் நமது எல்லைக் கிராமங்களின் குடியானவர்கள் அடைந்த நன்மை தீமைகளையும் அடுத்த பகுதியில் காண்போம்.